மீன்சட்டிக்குள் ஒளித்த பாட்டில்

என் கணவரின் ரத்தம் எதனால் தெளிந்தது? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. மருத்துவர் ஒரு காரணம் சொன்னார். பிரான்சில் இருக்கும் நாத்தனார் ஒன்று சொன்னார். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவுக்கும் ஒரு காரணம் இருந்தது. என் கணவருக்குச் சந்தேகமே இல்லை. நான் மட்டும் காலையில் ஒன்றையும் மாலையில் இன்னொன்றையும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ரத்தம் தெளிந்தது என்று பேச்சுக்காகச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தேன்.

அவருக்கு வில்லியனூர் கடைத்தெருவில் மளிகைக் கடை. அவருடைய அப்பா வைத்த கடை. போன வருஷம் ஆடி மாதத்தில் கடைத்தெரு வியாபாரிகள் சேர்ந்து ஒரு ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் விரலை நீட்டியதால் இவரும் நீட்டினார். அதில்தான் சர்க்கரை இருப்பது தெரிந்தது. வயது முப்பத்தாறு. முழுமையாகப் பார்த்துவிடலாம் என்று நான்தான் வெறும் வயிற்றோடு பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்து அரை மணி நேரம் கழித்து அங்கே வேலை செய்யும் பெண் எங்களைக் கூப்பிட்டு, குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். அடியில் ரத்தம் படிந்திருந்தது. அதற்கு மேலே மஞ்சளாக, தெளிவாக நிற்க வேண்டிய நீர், தண்ணீர் கலந்த பால் போல வெளுத்துக் கிடந்தது.

"நைட்டு இன்னாண்ணா சாப்ட்டீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு இட்லி" என்றார் அவர்.

வண்டியில் திரும்பி வரும்போது, வழியில் ரயில்வே கேட் மூடியிருந்த இடத்தில் நின்று, அது இட்லி இல்லை, கடை அடைத்துவிட்டு வரும்போது சாப்பிட்ட பரோட்டாவும் சால்னாவும் என்று ஒப்புக்கொண்டார். எவ்வளவு நாளாக என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் தோன்றும்.

ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு அறுநூறைத் தாண்டி இருந்தது. மருத்துவர் வில்லியனூரிலேயே கிளினிக் வைத்திருக்கும் ஒரு அம்மா, அவசரமில்லாமல் பேசுகிறவர். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இந்தக் கொழுப்பும் சேர்ந்து ஏறும், சர்க்கரை இறங்கினால் இதுவும் இறங்கும், ஆனால் இந்த அளவில் விட்டுவைத்தால் கணையம் வீங்கிப்போகும், இதயத்துக்கும் ஆபத்து என்று பொறுமையாகச் சொன்னார். சர்க்கரைக்கு மாத்திரை, கொழுப்புக்கு மாத்திரை, பாதம் மரத்துப்போவதால் நரம்புக்கு ஒரு கேப்சூல். அரிசிச் சோறு பாதி, பரோட்டா கூடவே கூடாது, தினமும் நடை. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம். எல்லாவற்றையும் மகளின் கோடு போடாத நோட்டில் எழுதிக்கொண்டேன். அரிசி விற்கிறவனை அரிசி தின்னாதே என்கிறார்களே என்று என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய அப்பா அதே கடையில், மத்தியான வேளையில், துவரம்பருப்பு மூட்டை மேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது இவருக்குப் பத்தொன்பது வயது. எங்கள் மகளுக்கு இப்போது ஐந்து. இந்த இரண்டு எண்களையும் நான் அடிக்கடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பார்க்கக் கூடாது என்று தெரியும்.

விஷயம் கேள்விப்பட்டதும் நாத்தனார் பிரான்சிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். மாமியாரும் அங்கேதான் இருக்கிறார். தம்பிக்கு மீன் எண்ணெய் கொடு, இங்கே எல்லோரும் விழுங்குகிறார்கள், ரத்தக் கொழுப்பைக் கரைத்துவிடும் என்றார். அடுத்த பத்து நாளில், ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் பெட்டியில் ஒரு பெரிய பாட்டில் வந்து சேர்ந்தது. உள்ளே தேன் நிறத்தில், கண்ணாடி போல மின்னும் கேப்சூல்கள். மேலே பிரெஞ்சில் என்னென்னவோ எழுதி, ஒரு நீல மீன் படம் போட்டிருந்தது. அக்கா அனுப்பிய பிரான்ஸ் மாத்திரை என்று மட்டும் கணவரிடம் சொன்னேன்.

அதை மருத்துவரிடம் நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால், கடல் தாண்டி வந்த பாட்டிலை என்ன செய்வது, நாத்தனாருக்கு என்ன பதில் சொல்வது? வேதியியல் படித்த பெண் செய்கிற காரியமா இது என்று என்னை நானே கேட்டுக்கொண்டுதான் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை தோறும் ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வாரத்துக்கான மாத்திரைகளை நிரப்பி வைப்பேன். காலையில் சாப்பிட்டு முடித்ததும் அவர் கையை நீட்டுவார். கண் செல்போனில் இருக்கும், அல்லது சட்டைப் பொத்தானில் இருக்கும். உள்ளங்கையில் நான் வைப்பதை அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். ஒரு தடவைகூட என்ன ஏது என்று பார்த்ததில்லை. கடையில் ஒரு மூட்டையைத் தொட்டாலே உள்ளே ஈரம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கிறவர், என் கையிலிருந்து வாங்கும்போது மட்டும் பார்க்கமாட்டார். எனக்கு அது பெருமையாக இருந்தது. இப்போதும் பெருமைதான், கொஞ்சம் பயமும் சேர்ந்திருக்கிறது.

அந்த மாதங்கள் நன்றாகவே போயின. கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் வீடு, மனை போட்ட பகுதியில் இருக்கிறது. தெருவின் ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் இன்னும் நெல். சாயங்காலம் கடையைக் கொஞ்ச நேரம் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு வருவார். மகள் சின்ன சைக்கிளில் முன்னால் போவாள், நாங்கள் இருவரும் மனைக் கற்களுக்கு நடுவே பின்னால் நடப்போம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் தினமும் அரை மணி நேரம் சேர்ந்து நடந்தது அப்போதுதான். கடற்கரை ஊரான நல்லவாட்டிலிருந்து ஸ்கூட்டியில் மீன் கொண்டுவரும் அம்மாவிடம் மத்தியும் கானாங்கெளுத்தியும் வாங்கி, வறுக்காமல் குழம்பு மட்டும் வைத்தேன்.

பிறகு புரட்டாசி வந்தது.

அவருடைய அப்பா இறந்த வருஷத்திலிருந்து, புரட்டாசி முழுவதும் அவர் மீன், கறி, முட்டை தொடமாட்டார். பலரும் இருப்பதுதான். ஆனால் அவருக்கு அது உயிரோடு இருப்பதற்கான வேண்டுதல் மாதிரி. ஆவணியின் கடைசி நாளில் வீட்டைக் கழுவிவிடுவோம். மீன் குழம்பு வைக்கும் மண்சட்டியையும், மீன் நறுக்கும் அரிவாள்மனையையும் மாடிக்கு ஏற்றித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வைப்பது வழக்கம். ஏற்றுவது நான், மாதம் முடிந்ததும் இறக்குவது அவர். அன்று மீன்கார அம்மா கடைசியாக வந்துபோனார். "பாப்பா அம்மா, பெருமாளுக்கு ஒரு மாசம் விட்டுக் குடுக்கறேன், மீதி பதினோரு மாசமும் என்னுது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அந்த வருஷம் என் கணவர் இன்னொன்றும் வேண்டிக்கொண்டார். ரத்தம் தெளிந்துவிட்டால், ஒரு நாள்கூடத் தவறாமல் விரதத்தை முடித்துவிட்டுத் திருப்பதி போய் மொட்டை போடுவதாக.

நான் சட்டியை இரண்டு தடவை சாம்பல் போட்டுத் தேய்த்தேன். குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து சோடா உப்பு போட்டுத் துடைத்தேன். மீன் பட்ட துடைக்கும் துணியைக்கூட மாற்றினேன். அதே நாளில் டப்பாவை எடுத்து, அடுத்த வாரத்துக்கான மாத்திரைகளை நிரப்பினேன். நீல மீன் படம் போட்ட பாட்டிலைத் திறந்து, அறைக்கு ஒன்றாக ஏழு கேப்சூல் போட்டேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மாத்திரை டப்பாவுக்குள் போய்விட்டால் அது மாத்திரை.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் பக்கத்தில் ஆண்கள் நாமம் போட்டுக்கொண்டு, செம்பைத் தூக்கிக்கொண்டு, நாலு வீட்டு வாசலில் கோவிந்தா சொல்லிப் பிடி அரிசி வாங்கிவருவார்கள். அந்த அரிசியைப் பொங்கித்தான் படையல். மூட்டை மூட்டையாக அரிசி விற்கிற மனிதர், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு பிடி அரிசிக்காக அடுத்த வீட்டு வாசலில் நிற்பதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும். மகளும் சின்ன நாமத்தோடு கூடவே போவாள். பட்டினி கிடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், அந்த வருஷம் காலையில் இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்ட பிறகே கிளம்பினார்.

இரண்டாம் சனிக்கிழமை. வாழை இலை விரித்து, சர்க்கரை குறைவாகப் போட்ட பொங்கல், புளிச்சோறு, வடை, கொண்டைக்கடலை எல்லாம் வைத்துக் கற்பூரம் ஏற்றினார். கோவிந்தா என்று சொல்ல வாயைத் திறந்தவருக்கு ஏப்பம் வந்தது. அப்படியே நின்றுவிட்டார். முகம் மாறியது.

"சட்டிய மாடிக்கு ஏத்தினியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஏற்றிவிட்டேன் என்றேன். நாலு நாளாகவே இப்படித்தான் இருக்கிறது, ஏப்பம் விட்டால் மீன் வாடை அடிக்கிறது, சொல்ல வேண்டாம் என்று இருந்தேன் என்றார். ஏதோ பாத்திரத்தில் ஒட்டியிருக்கிறது, அல்லது எண்ணெய் பழசு என்று அவர் நினைத்தார். பெருமாள் சோதிக்கிறார் என்றும் கொஞ்சம் நினைத்திருப்பார். கற்பூரம் அணைந்துவிட்டது. இன்னொன்று ஏற்றினோம்.

அவர் கடைக்குப் போனதும் நான் சமையலறையை மோந்து பார்க்க ஆரம்பித்தேன். வேறு வார்த்தை இல்லை, மோந்துதான் பார்த்தேன். எண்ணெய்க் குடுவை, இட்லித் தட்டு, புளிக் கரைசல், தோசைக்கல். மகளும் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக மோந்து, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் இருந்த பாட்டிலைத் திறந்தேன். நல்லவாடு கரையில் வலை உதறும் இடத்தில் நின்றால் வருகிற அதே வாடை.

நாள்களை விரல் விட்டு எண்ணினேன். புரட்டாசி முதல் தேதியிலிருந்து அன்று காலை வரை பதினொன்று. பதினொரு நாள் விரதக்காரர் கையில் மீனை வைத்து, தண்ணீரும் கொடுத்திருக்கிறேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். கடை கூப்பிடு தூரத்தில் இல்லை என்றாலும் செல்போன் கையில்தான் இருந்தது. நான் சொல்லவில்லை. டப்பாவிலிருந்த கேப்சூல்களைப் பொறுக்கிப் பாட்டிலில் போட்டேன். பாட்டிலைக் குப்பையில் போட மனம் வரவில்லை, வந்த தூரம் அப்படி. வீட்டுக்குள் வைக்கவும் கூடாது. மாடிக்குப் போய், அந்த மாதம் மீனுக்கென்று ஒதுக்கிய ஒரே இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்த மண்சட்டிக்குள் வைத்து மூடினேன்.

மறுநாள் காலையில் அவர் கையை நீட்டினார். வாயருகே கொண்டுபோனவர், கையை லேசாக ஆட்டிப் பார்த்தார். "ஒன்னு கொறையுதே" என்றார். பார்க்காமலே சொன்னார். கை எடை பார்த்துப் பழகியவர்.

பிரான்ஸ் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். அது முதல் பொய். அன்று மாலையே அவர் அக்காவிடம் பேசினார், அக்கா அடுத்த பாட்டிலை அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். ஒரு பொய்யை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை, அதை நம்பி அடுத்த பாட்டில் தேதி சொல்லிக் கிளம்பிவிடுகிறது.

ஏப்பம் நின்றது. சமையலறை சுத்தமாகிவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டார். நான் பாத்திரங்களை மறுபடி தேய்த்ததாக நினைத்துக்கொண்டு, கை வலிக்கப்போகிறது என்று கடையிலிருந்து தேங்காய் நார் இல்லாத மெத்தென்ற பிரஷ் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்று மாதம் ஆகி, புரட்டாசி கடைசி வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுத்தோம். அதே பெண். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தாள். மேலே நின்ற நீர் நல்லெண்ணெய் போல மஞ்சளாக, மறுபக்கம் இருந்த அவள் விரல் தெரியும்படி இருந்தது. கொழுப்பு இருநூற்றுச் சொச்சமாக இறங்கியிருந்தது. சர்க்கரையும் இறங்கியிருந்தது. பரிசோதனைக் கூடத்தின் வாசலிலேயே அழுதுவிட்டேன். அவர் என்னை ஓர் இளநீர்க் கடையில் உட்காரவைத்தார்.

காரணங்கள் அன்றிலிருந்துதான் வர ஆரம்பித்தன. அக்கா பாட்டில்தான் என்றார். மருத்துவரிடம் இந்தத் தடவை, கணவர் மருந்து வாங்க வெளியே போன நேரத்தில், செல்போனில் பாட்டிலின் படத்தைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "இத முன்னாடியே காட்டியிருக்கணும்மா" என்று மட்டும் சொன்னார். மீன் எண்ணெய் இந்த வகைக் கொழுப்பைக் கொஞ்சம் இறக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு மருத்துவர் பார்த்துக் கொடுக்கிற பெரிய அளவு வேண்டும், தினம் ஒரு கேப்சூல் பெரிதாக ஒன்றும் செய்திருக்காது, சர்க்கரையை அது இறக்காது என்றார். மாத்திரையும் நடையும் பரோட்டாவை விட்டதும்தான் காரணம், கேப்சூல் போட்டாலும் போடாவிட்டாலும் மற்ற மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள், வாரத்துக்கு இரண்டு நாள் மீன் குழம்பு சாப்பிட்டாலே போதும் என்றார்.

கணவரிடம் கேட்டால், ஒரே பதில்தான். "ஒரு நாள் தவறாம இருந்தேன். குடுத்துட்டாரு."

அந்த 'ஒரு நாள் தவறாம' என்பதை அவர் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். மொட்டைக்கு நாள் பார்க்கச் சொன்னார். மகளிடம், அப்பா தலையில் முடி இருக்காது, பயப்படக் கூடாது என்று பழக்கப்படுத்த ஆரம்பித்தார். நான் சாப்பாடு பரிமாறிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் நம்புவது பொய்யாகிவிட்டால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது. விரதம் கெட்டது என்று தெரிந்தால், இனி என் கையிலிருந்து எதையும் வாங்கமாட்டாரோ? கொழுப்பு மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் சேர்த்து ஒதுக்கிவிட்டால், அந்தக் குழாய் மறுபடி பாலாகுமே. சொல்லாமலே திருப்பதி மலை ஏறவைத்துவிடலாமா? அதுவும் முடியவில்லை.

ஐப்பசி பிறந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே மீன்கார அம்மா வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தார். கானாங்கெளுத்தி, இன்னும் கண் தெளிவாக இருந்தது. கணவர் உற்சாகமாக, சட்டியை இறக்கிவருகிறேன் என்று மாடிக்குப் போனார். தோசைக் கரண்டியோடு நானும் பின்னாலேயே ஓடினேன். படியிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் ஓடினேன். அவர் கால் நீளம். நான் மேலே போனபோது சட்டியின் மூடி அவர் கையில் இருந்தது.

"இன்னாம்மா இது, சட்டிக்குள்ள?"

சொன்னேன். டப்பா நிரப்பியதிலிருந்து இரண்டாம் சனிக்கிழமை மோந்து பார்த்தது வரை, தீர்ந்துவிட்டது என்ற பொய் வரை, ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் பாட்டிலை ஆட்டினார். சத்தம் வரவில்லை. மாடி வெயிலில் கேப்சூல்கள் எல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே உருண்டையாகக் கிடந்தன.

"தெரிஞ்சா குடுத்த?"

"சத்தியமா தெரியாதுங்க. மாத்திரைன்னுதான் நெனச்சேன்."

"செரி. தெரிஞ்சப்பறம் ஏன் சொல்லல?"

பதில் வாயிலிருந்து வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. "நீங்க எல்லா மாத்திரையும் நிறுத்திடுவீங்கன்னு பயந்துட்டேன். உங்க அப்பா மாதிரி ஆயிடுமோன்னு."

அவர் தொட்டித் திண்டில் உட்கார்ந்தார். கீழே ஹாரன் இரண்டு தடவை அடித்தது. நெல் பக்கமிருந்து கொக்குகள் எழும்பி மனைக் கற்கள் மேல் உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"எத்தினி நாளு?" என்றார்.

"பதினொன்னு."

"அதான் அந்த ஏப்பமா" என்றார். பிறகு சிரிப்பு மாதிரி ஒன்று மூக்கு வழியாக வந்தது. "பாவம், நான் சட்டி மேல பழி போட்டேன்."

எழுந்தபோது முடிவு செய்திருந்தார். "பதினோரு நாளு கூட இருந்துட்டுப் போறேன். மாத்திரய நிறுத்த மாட்டேன், அழாத. ஆனா இனிமே என் கையில வெக்கறது இன்னான்னு சொல்லிட்டு வை."

சட்டியைப் பழையபடி தொட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கினோம். மீன் வேண்டாம், பதினொரு நாள் கழித்து வாருங்கள் என்று மீன்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் கூடையை மூடிக்கொண்டே என் கையிலிருந்த தோசைக் கரண்டியையும் சிவந்த கண்ணையும் பார்த்தார்.

"இன்னும் பதினோரு நாளா? இன்னா, பெருமாளு வட்டி கேக்கறாரா?"

உள்ளேயிருந்து என் கணவர் வாய்விட்டுச் சிரித்தது தெருவரை கேட்டது.

அந்த வருஷம் தீபாவளி ஐப்பசி பிறந்த கையோடு வந்துவிட்டது. அந்தப் பதினொரு நாளுக்குள்ளேயே. தெரு முழுக்கக் கறிக் குழம்பு வாசனை. எங்கள் வீட்டில் இட்லி, வடை, சாம்பார். நான் கறி எடுக்கவில்லை, அவர் எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. மகளுக்கு மட்டும் எதிர்வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. அவள் அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மரியாதையாகச் சாப்பிட்டாள்.

மார்கழியில் திருப்பதி போய்வந்தோம். மொட்டைத் தலையில் சந்தனம் பூச மகளுக்கு அவ்வளவு ஆசை. தினமும் தேய்த்துப் பார்த்து, இன்று எவ்வளவு முளைத்திருக்கிறது என்று சொல்வாள். பிரான்சிலிருந்து வந்த புதுப் பாட்டிலை, பெரிதாகப் பயனில்லை என்று மருத்துவர் சொன்னதையும் சொல்லித்தான் அவர் முன் வைத்தேன். அக்கா மனசு நோகும், இருக்கட்டும், கொடு என்றார். தை பிறந்து, பொங்கல் முடிந்து ரத்தம் பார்த்தபோது, மீன் எண்ணெய் தினமும் போட்டும்கூட கொழுப்பு முன்னைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது. கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் என்றார் மருத்துவர். ஒரு மாதம் மீன் இல்லாமல் இருந்ததால்தான் அன்றைக்கு இறங்கியது என்று மீன்கார அம்மா சொல்கிறார், அதைச் சொல்லிவிட்டு மீனும் விற்கிறார். எது உண்மை என்று தெரியாவிட்டாலும் வாழ்க்கை நடக்கிறது. சாயங்கால நடையை இன்னும் விடவில்லை. எனக்கு இதுவே போதும் என்று பல நாள் தோன்றுகிறது.

காலையில் இப்போது ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கிறேன். இது சர்க்கரைக்கு. இது கொழுப்புக்கு. இது மீன். இது நரம்புக்கு. அவர் தலையாட்டிக்கொண்டு வாயில் போடுகிறார். மகள் பக்கத்தில் நின்று கூடவே ஒப்பிக்கிறாள்.

இந்த நேரத்தில்தான் எனக்கு இன்னொன்று தெரியவந்தது. நரம்புக்கான அந்த கேப்சூலின் உறை எதனால் ஆனது என்று ஒரு மத்தியானம், மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, செல்போனில் தேடிப் பார்த்தேன். தேடியிருக்க வேண்டாம். கேப்சூல் உறைகள் பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனவை, ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. இவருடைய கேப்சூலின் அட்டையில் அதைப் பற்றி ஒன்றும் போடவில்லை. அது மருத்துவர் எழுதிக்கொடுத்தது. மீன் எண்ணெயைப் போல நிறுத்திவைத்துவிட முடியாது. பாதம் மரத்துப்போவது இப்போதுதான் குறைந்திருக்கிறது.

உள்ளே இருப்பது என்ன என்று சொல்லிவிட்டேன். உறையைப் பற்றிச் சொல்லவில்லை. கையில் வைப்பது என்னவென்று சொல்லிவிட்டு வை என்று அவர் கேட்டதில், உறையும் சேர்த்தியா?

அடுத்த புரட்டாசிக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் மாத்திரை போட்டுக்கொண்டே விரதம் இருக்கிறவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். மீன் எண்ணெயை அந்த ஒரு மாதம் எடுத்து வைத்துவிடுகிறீர்களா, மருந்து என்று கொடுக்கிறீர்களா? உறை வேறு விதமாகச் செய்த கேப்சூல் தரச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாமா, கேட்டவர்கள் உண்டா? நான் இதை அவரிடம் இப்போதே சொல்லிவிடட்டுமா, மருத்துவரைப் பார்த்து ஒரு வழி தெரிந்துகொண்ட பிறகு சொல்லட்டுமா? முன்பு ஒரு தடவை தள்ளிப்போட்டு மாடி வரை ஓடியிருக்கிறேன். தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். ஆவணி முடிவதற்குள் எழுதினால் நல்லது.